அக்காவுக்குப் பொருந்தாத மண்வெட்டி

என் இந்திராணி அக்காவுக்கு,

மண்வெட்டி சரியாக வந்துவிட்டது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதைச் சொல்லும் வேகத்தில் விட்டுப்போகும். இப்போது அது மண்ணையும் கொத்துகிறது, களையையும் சீவுகிறது, தூக்கவும் இலேசாக இருக்கிறது. பூச்சோங்கில் உன் ஃபிளாட்டுக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்துப் பெண்கள் அதை மாறி மாறிக் கேட்டு வாங்கிப் போகிறார்கள்.

நீ இருந்தவரை வராதது நீ போன பிறகு வந்திருக்கிறது அக்கா. யாரிடம் சொன்னாலும் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். எனக்கு அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆரம்பம் உனக்கு நினைவிருக்கும். என் மனைவி சாந்தி இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. பையன் ஜொகூருக்கு வேலைக்குத் திரும்பிவிட்டான். கிள்ளானில் இரும்புப் பட்டறை, வீடு, மறுபடியும் பட்டறை என்று நான் யாரோடும் பேசாமல் கிடந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாப்பிட வா என்று நீ விடாமல் போன் செய்வாய். அப்படி வந்த ஒரு நாளில் உன் ஃபிளாட்டில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஒரு கையில் மண்வெட்டி, இன்னொரு கையில் களைக்கொத்து, முழங்கையில் தொங்கும் வாளி, இவற்றோடு நாலாவது மாடிக்கு மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தாய்.

"ஊருக்கெல்லாம் கிரில் அடிக்கிறே. இந்த ரெண்டையும் ஒண்ணா ஆக்கித் தர முடியாதா உன்னால?" என்று கேட்டாய்.

நீ விளையாட்டாகத்தான் கேட்டாய். நான் பிடித்துக்கொண்டேன். அன்று கிள்ளான் திரும்பும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் கவனித்தேன், வழியில் ஒரு தடவைகூட சாந்தியை நினைக்கவில்லை. அதற்காகவும் அன்று மனசு குத்தியது.

சிக்கல் என்னவென்று நீதான் விளக்கினாய். சாதாரணக் களைக்கு மண்ணின் மேல்தோலைச் சீவி இழுத்தால் போதும். அதற்கு மெல்லிய தகடு வேண்டும், அது படுத்தாற்போல் மண்ணுக்குள் நுழைய வேண்டும். ஆனால் உன் தோட்டத்தில், அந்த மின்கம்பிக் கோபுரங்களுக்கு அடியில் இருக்கும் செம்மண் செங்கல் மாதிரி. லாலாங் புல்லின் வேர் அதற்குள் கயிறாக ஓடும். அதை எடுக்க ஓங்கிக் கொத்த வேண்டும். அதற்குக் கனம் வேண்டும், தகடு நிமிர்ந்து நிற்க வேண்டும். ஒன்றுக்குத் தேவையானது இன்னொன்றுக்கு ஆகாது.

பழைய லோரி ஸ்பிரிங் பட்டையை அறுத்து முதல் மண்வெட்டியைச் செய்தேன். ஒரு பக்கம் அகன்ற தகடு, மறுபக்கம் மூன்று முள். அடுத்ததில் முள்ளை எடுத்துவிட்டு, தலையை மடக்கித் திருப்ப ஒரு கீல் வைத்தேன். ஈர மண் புகுந்து கீல் இறுகிவிட்டது. அதற்கடுத்து கீலுக்குப் பதில் போல்ட். கொத்தக் கொத்த அது கழன்றது. மறுபடியும் இரட்டைத் தலைக்கே போனேன். ஒவ்வொரு தடவையும் நீ தோட்டத்தில் நின்று, என் முன்னால் நாலு வெட்டு வெட்டிக் காட்டி, "நல்லா வந்திருக்குடா குணா" என்பாய். கீல் இறுகிய அன்றும் அதையேதான் சொன்னாய். நான் படம் பிடித்துக்கொள்வேன். பட்டறைப் பையன்களிடம் காட்டுவேன், கடையில் தேநீர் குடிக்க வருகிறவர்களிடம் காட்டுவேன். படத்தில் எல்லாம் மண்வெட்டியின் தலைதான் இருக்கும். உன் முகம் இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. நீ போன பிறகு தேடிப் பார்த்தேன்.

சளி என்றுதான் சொன்னாய். மருந்துக் கடையில் வாங்கிக் குடித்துவிட்டேன் என்றாய். அது நெஞ்சுக்குள் இறங்கி, உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது மூச்சு இழுக்கக் கஷ்டப்பட்டாய். உன் மகள் தேவிதான் பக்கத்தில் இருந்தாள். நான் ஷா ஆலாமில் ஒரு வீட்டுக்குக் கேட் பொருத்திக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு வருகிறேன் என்று போனில் சொன்னேன். வந்தேன். நீ கண்ணைத் திறக்கவில்லை.

கருமக்கிரியை முடிந்த பிறகு, ஃபிளாட்டில் உன் சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது தேவி சொன்னாள். "மாமா, கீழ தோட்டத்துல அம்மாவோட இடம் சும்மா கெடக்குன்னு கொமிட்டில திருப்பிக் கேக்குறாங்க. எனக்கு ஷிஃப்ட் வேலை, பாத்துக்க முடியாது. கொஞ்சம் சுத்தம் பண்ணி ஒப்படைச்சிடுறீங்களா?"

உனக்காக ஏதாவது செய்ய முடியுமே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த கடைசி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். நீ படுப்பதற்கு முன் நான் கொண்டுவந்து கொடுத்த அதே இரட்டைத் தலை. உன் வெண்டைச் செடிகள் முற்றி நின்றன. கங்கோங் கீரை இருந்த பாத்தி தெரியாத அளவுக்குப் புல். என் கையால் செய்ததை வைத்து உன் நிலத்தைத் துப்புரவாக்கப் போகிறேன் என்று பெருமையாகத்தான் ஆரம்பித்தேன்.

அக்கா, அதுவரை நான் ஒரு பாத்தியைக்கூட அதனால் முழுசாகக் கொத்தியதில்லை. பட்டறைக்குப் பின்னால் கொட்டிக் கிடக்கும் மணலில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு உன்னிடம் கொண்டுவந்துவிடுவேன். அன்று பாதிப் பாத்தி தாண்டவில்லை, மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது. ஓங்கும்போது மேல்பக்க முட்கள் என் நெற்றிக்கு நேரே வந்து போயின. சரி, கொத்துவதை விட்டுக் களையைச் சீவலாம் என்று திருப்பினால், அந்தக் கனத்துக்கு அது மண்ணுக்குள் புதைந்துகொண்டு வரமாட்டேன் என்றது. இழுத்து இழுத்து இடுப்பு விட்டுப்போயிற்று. இரும்பு அடித்தே வளர்ந்த கை என்னுடையது. எனக்கே இப்படி என்றால்?

மேரி அக்கா பக்கத்துப் பாத்தியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிரிக்பீல்ட்ஸில் சேலைக் கடைக்குப் பின்னால் உன்னோடு ரவிக்கை தைத்தவர், பிறகு உன் ஃபிளாட்டுக்கே குடிவந்தவர். எத்தனையோ ஞாயிறு பார்த்திருக்கிறேன். தலையாட்டிச் சிரித்ததோடு சரி, பேசியதில்லை.

"அதுலயா கொத்துறீங்க தம்பி?" என்றார். "விடுங்க, பெராட் லா, ரொம்பக் கனம். கை போயிடும்."

"அக்கா இதுலதானே கொத்துச்சு?"

அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டினார். நான் மறுபடியும் கேட்டேன்.

"நீங்க வர்ற அன்னிக்கு மட்டும் கீழ கொண்டு வருவாங்க," என்றார். "மத்த நாள் என்னோட சின்னக் கொத்த வாங்கிக்குவாங்க. முட்டி வலி வந்ததுலேர்ந்து உங்க அக்கா நின்னு வேலை செஞ்சதே இல்ல தம்பி. வாளியக் கவுத்துப் போட்டு அதுமேல உக்காந்துதான் எல்லாம். உங்க வேன் சத்தம் கேட்டா எழுந்திருச்சிருவாங்க."

"எதுக்கு எழுந்திரிக்கணும்?"

"நீங்க செஞ்சது நின்னு கொத்துறதுக்குத்தானே," என்றார் மேரி அக்கா. குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்பதுபோலச் சொன்னார்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நான் வந்தபோதெல்லாம் நீ எழுந்து நின்றாய். வலிக்கிற முட்டியோடு, தூக்க முடியாததைத் தூக்கி, நாலு வெட்டு வெட்டிக் காட்டிவிட்டு, எனக்குச் சோறு போட நாலு மாடி ஏறினாய். நான் பின்னாலேயே தகட்டின் சாய்வைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தேன். படியில் நீ கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடங்களெல்லாம் இப்போது எனக்குத் தெரிகின்றன. அப்போது, நான் சொல்வதைக் கவனமாகக் கேட்கத்தான் நிற்கிறாய் என்று நினைத்தேன்.

மேலே போய் தேவியைக் கேட்டேன். அவள் உன் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் மாமா."

"ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்லாதேன்னு அம்மாதான் சொன்னாங்க. நான் ஒரு தடவை சொல்ல வந்தப்போ என்னைத் திட்டினாங்க. 'சாந்தி போனப்புறம் அவன் இப்பதான் வாயத் தொறந்து பேசுறான். இரும்பப் பத்திப் பேசுனா என்ன, பேசட்டும்'னாங்க. எனக்கு வேற என்ன செய்யத் தெரியும் மாமா?"

அன்று உன் மேல் எனக்குக் கோபம் வந்தது. இதையும் மறைக்கப் போவதில்லை. வேன் ஓட்டிக்கொண்டே உன்னைச் சத்தமாகத் திட்டினேன். ஒரு வார்த்தை, 'டேய், எனக்கு முட்டி வலிக்குது, உக்காந்து கொத்துற மாதிரி செஞ்சு குடு' என்று ஒரே ஒரு வார்த்தை. செய்திருக்க மாட்டேனா? அவ்வளவு பலவீனமான ஆளா நான், உண்மையைச் சொன்னால் உடைந்துபோக? கிள்ளான் வந்து சேர்வதற்குள் கோபம் வற்றிவிட்டது. அந்த நாளில் நான் அப்படித்தான் இருந்தேன். சொல்லியிருந்தால் உடைந்துதான் போயிருப்பேன். உனக்குத் தெரிந்திருந்தது.

தேவி கொடுத்த உன் படத்துக்குச் சட்டம் போட பிரிக்பீல்ட்ஸ் போயிருந்தேன். அப்படியே நடந்து, நீ ரவிக்கை தைத்த அந்தச் சேலைக் கடையின் பின்பக்கம் போய் நின்றேன். உன் இடத்தில் வேறு ஒரு பெண் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் மோட்டார் மிஷின். நீ மிதித்த காலத்தில் காலால்தான். ஒரு வயசுக்குப் பிறகு அந்தக் கால் என்ன கதி ஆகும் என்று சொந்தத் தம்பிக்குத் தோன்றவில்லை. "யாரு வேணும் அங்கிள்?" என்று அந்தப் பெண் கேட்டாள். யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு கொமிட்டிக்காரரிடம் கொஞ்சம் அவகாசம் கேட்டுவிட்டு, உன் பாத்தியில் அந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்து பார்த்தால் எல்லாமே வேறாக இருந்தது. ஓங்க இடமில்லை. தோளுக்கு வேலை இல்லை, முழங்கைதான் எல்லாம் செய்கிறது. கனமான தலை உதவாது, கூர்மைதான் உதவும். கொத்தியதும் அதே கையால் இழுக்க வேண்டியிருக்கிறது. மேரி அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"அக்கா, ஒரு உதவி. நான் ஒண்ணு செஞ்சு கொண்டு வரேன். நீங்க ஒரு முழுப் பாத்தி கொத்திட்டுச் சொல்லணும். நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லாதீங்க."

"நல்லா இருந்தாலுமா?"

"அப்பவும் எது வலிக்குதுன்னு சொல்லுங்க."

மேரி அக்கா சொன்னார். வாராவாரம் சொன்னார். கைப்பிடி தடிமன், விரல் சுற்றி வரவில்லை. தகடு அகலம், செடிக்கு நடுவில் போகவில்லை. இது சின்னதாகிவிட்டது, பெரிய லாலாங்கை எதால் எடுப்பது? ஒவ்வொன்றையும் கேட்கும்போது எனக்கு உள்ளுக்குள் சுருங்கும். இவர் இத்தனை குறை சொல்கிறாரே என்பதற்காக இல்லை. இந்தக் குறையெல்லாம் மண்வெட்டி உன் கையில் இருந்த காலத்திலும் இருந்தவைதானே.

கடைசியில் மடக்குவது, திருப்புவது எல்லாவற்றையும் தூக்கிப் போட்டேன். ஒரே ஒரு மெல்லிய தகடு, ஒரு ஓரம் நேராக, மறு ஓரம் இலை நுனிபோலக் கூராக. அதன் முதுகில் குழாய்த் துண்டால் இரண்டு துளைகள், இரண்டும் வெவ்வேறு சாய்வில். கழியை ஒன்றில் செருகினால் தகடு நிமிர்ந்து நிற்கும், கொத்தலாம். உருவி மற்றதில் செருகினால் தகடு படுத்துக்கொள்ளும், களை சீவலாம். துளையை ஒரு பக்கம் குறுகலாக விட்டேன். வேலை செய்யச் செய்யக் கழி தானே இறுகும், ஆணியோ போல்ட்டோ தேவையில்லை. கழியிலும் இரண்டு வைத்தேன், நின்று கொத்த நீளமாக ஒன்று, உட்கார்ந்து கொத்தக் குட்டையாக ஒன்று. தலை ஒன்றேதான். வாளிக்குள் போட்டு ஒரு கையில் தூக்கிக்கொண்டு படி ஏறலாம்.

மேரி அக்கா வாளியில் உட்கார்ந்து ஒரு பாத்தியை முடித்தார். லாலாங் வேர் அறுபடாமல் நீளமாக வந்தது. அதை எடுத்து என்னிடம் காட்டினார். அடுத்த பாத்திக்கு வாளியை நகர்த்திப் போட்டுக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டுச் சிரித்தேன். சத்தம் என் காதில் விழுந்ததும் எழுந்து தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டேன். உன் வாளியில் இன்னொருவர் உட்கார்ந்திருக்க, உனக்குக் கிடைக்காததை அவர் கையில் பார்த்து நான் சிரிக்கிறேன் அக்கா. இது எந்தக் கணக்கில் சேரும்?

நீ இருந்திருந்தால் இது வந்திருக்காதோ என்று சில நேரம் தோன்றுகிறது. அந்த நினைப்புதான் எல்லாவற்றிலும் மோசம். உன்னைப் பறிகொடுத்து ஒரு மண்வெட்டி வாங்கியதுபோல. மேரி அக்காவிடம் ஒருநாள் சொல்லிவிட்டேன். "அப்படியெல்லாம் பேசாதீங்க தம்பி," என்றார். பிறகு கொஞ்ச நேரம் களை பிடுங்கிவிட்டு, "ஆனா அவங்களுக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கும்," என்றார். எனக்காகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கிள்ளானில் ஒரு ஹார்ட்வேர் கடைக்காரர் பார்த்துவிட்டு, கொஞ்சம் செய்து கொடு, வைத்து விற்றுப் பார்க்கிறேன் என்றார். குட்டைக் கழி வேண்டாம், ஒரே அளவு போதும், விலை குறையும் என்றார். முடியாது என்றேன். இரண்டு கழியும் சேர்ந்தால்தான் கொடுப்பேன் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இன்னொரு சேதி. போன வாரம் தோட்டத்தை ஒப்படைக்கத்தான் போனேன். பாத்தி சுத்தமாக இருந்தது, கொமிட்டிக்காரரும் வந்திருந்தார். தேவி வேலை முடிந்து யூனிஃபார்மோடு நேராகக் கீழே வந்தாள். ஓரமாக நின்று அந்த வெறும் மண்ணைப் பார்த்தாள். பிறகு அவரிடம், "அங்கிள், இத நானே வெச்சுக்கிறேன். லீவு நாள்ல செய்றேன்," என்று சொல்லிவிட்டாள். எனக்கே அப்போதுதான் தெரியும்.

நான் மண்வெட்டியை நீட்டினேன். வாங்கினாள். அவள் உன்னைப்போல இல்லையே, அவள் அப்பாவின் உயரம். நீளக் கழியைப் போட்டுக்கொண்டு நின்றபடி ஒரு வரிசை கொத்தினாள். நின்றாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள்.

"மாமா, உண்மையச் சொல்லவா?"

"சொல்லு."

"இது எனக்குச் சரிப்பட்டு வரல. கழி பத்தல, குனிய வேண்டியிருக்கு. அப்புறம் நான் இடது கைக்காரி, தகடு சாஞ்சுக்கிட்டுப் போகுது. வேற செஞ்சு குடுங்க."

சொல்லிவிட்டு, நான் வருத்தப்பட்டேனா என்று என் முகத்தைப் பார்த்தாள். அழுதுவிடக் கூடாதே என்று நான் வேனிலிருந்து அளவு டேப் எடுக்கப் போனேன். திரும்பி வந்து, முதலில் மண்வெட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவளை நேராக நிற்கச் சொன்னேன். தரையிலிருந்து முழங்கை வரை அளந்தேன். தோளை அளந்தேன். இடது உள்ளங்கையை விரித்து, விரல்களை மூடச் சொல்லி அளந்தேன். எங்கேயாவது வலி இருக்கிறதா என்று கேட்டேன். "ஷிஃப்ட்ல நின்னு நின்னு குதிகால் வலிக்குது மாமா," என்றாள். அன்று நாங்கள் வேறு வேலை பார்க்கவில்லை. வாளியில் அவளை உட்கார வைத்து அவள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். வேலை இடத்தைப் பற்றி, உன்னைப் பற்றி, ஆஸ்பத்திரியில் உன்னோடு அவள் தனியாக இருந்த அந்த நேரத்தைப் பற்றி.

உன்னை நான் ஒரு தடவைகூட அளக்கவில்லை அக்கா. இது என்னோடுதான் இருக்கும். நீ மன்னித்திருப்பாய், அது எனக்குத் தெரியும். நீ மன்னிப்பாய் என்பது தெரிவதால் பாரம் குறையவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். உன் மகளுக்குப் பொருந்தும்வரை செய்வேன். பொருந்திய பிறகும், செய்து கொடுக்க ஒன்றும் இல்லாத ஞாயிறுகளிலும், வெறுங்கையோடு அந்த நாலு மாடி ஏறுவேன். அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவேன். அவள் படியில் நின்றால் நானும் நிற்பேன், ஏன் நின்றாய் என்று கேட்பேன்.

உன் தம்பியும், இனியாவது தேவிக்குத் தாய்மாமனுமான,
குணா
கிள்ளான்